நல்ல வாழ்க்கை எது? ஒரு நோட்டுப் புத்தகத்தோடு தத்துவம் தொடங்கும் வழி

தமிழில் ‘தத்துவம்’ என்ற சொல்லுக்கு ஒரு தொல்லை உண்டு. யாராவது கொஞ்சம் யோசித்துப் பேசினால் ‘தத்துவம் பேசாதே’ என்று வாயை அடைக்கிறோம். சினிமாவில் நாயகன் மாட்டுவண்டியில் தனியாகப் போனபடி பாடினால் அது தத்துவப் பாடல். காலையில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ரோஜாப்பூ படத்தோடு வரும் இரண்டு வரியும் தத்துவம்தான். கேட்டுவிட்டுத் தலையாட்டினால் போதும் என்கிற மாதிரி ஒரு முடிந்துபோன வாக்கியம் என்றே அந்தச் சொல் நமக்குப் பழகிவிட்டது.

அந்த வாக்கியத்துக்கு அப்புறம் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த வழிகாட்டி. ‘நல்ல வாழ்க்கை எது?’ என்ற ஒரே கேள்வியை எடுத்துக்கொள்வோம். வேலைக்குப் போய்வரும் ஒருவர், வாரத்துக்கு மூன்று நாள், அரை மணி நேரம் ஒதுக்கினால் மூன்று மாதத்தில் முடிக்கலாம். 80 பக்க நோட்டு ஒன்று, பேனா ஒன்று. கிரேக்கம் தெரிய வேண்டாம், பட்டம் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. பலர் தடிமனான தத்துவ வரலாற்றுப் புத்தகம் ஒன்றை வாங்கி, உலகம் நீரால் ஆனது என்ற தேலிஸில் தொடங்கி, அறுபதாம் பக்கத்தில் மூடிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் மூடினேன், அதுவும் இரண்டு தடவை. வரலாறு பிறகு வரட்டும். முதலில் கேள்வி உங்களுடையதாக வேண்டும்.

படி 1: உங்கள் பதிலை முதலில் எழுதுங்கள்

யாரையும் படிப்பதற்கு முன்னால், ‘நல்ல வாழ்க்கை என்பது...’ என்று தொடங்கி ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை. நீங்கள் உண்மையில் நம்புவதாக இருக்க வேண்டும். ‘மகிழ்ச்சியாக இருப்பது’ என்று எழுதினால் அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். அது பதில் மாதிரி இருக்கும், ஆனால் கேள்வியை அப்படியே திருப்பிக் கொடுக்கும்.

நான் எழுதியது இது: ‘யாருக்கும் பாரமாக இல்லாமல், யாரிடமும் கை ஏந்தாமல் வாழ்வது.’ எங்கள் வீட்டில் சின்ன வயதிலிருந்து கேட்ட பேச்சு. கடன் வாங்காதே, அடுத்த வீட்டில் காபித்தூள் கேட்காதே, கடைசிக் காலத்தில் யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் போய்விட வேண்டும். எழுதி முடித்தபோது இதில் ஆராய என்ன இருக்கிறது என்றுதான் தோன்றியது.

தேதி போட்டுவிட்டு, கீழே நிறைய இடம் விடுங்கள்.

படி 2: அதை உடைத்துப் பாருங்கள்

இந்தப் படிதான் தத்துவம். மற்றதெல்லாம் இதற்கான துணைக் கருவிகள். அதனால் இங்கே ஒரு மாதமே செலவானாலும் பரவாயில்லை.

எப்படி உடைப்பது என்பதைப் பிளேட்டோ எழுதிய யூதிஃப்ரோ என்ற சிறிய உரையாடலில் பார்க்கலாம். ஒரே உட்காரலில் படித்துவிடலாம். பெஞ்சமின் ஜோவெட்டின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு குட்டன்பெர்க் என்ற மின்னூல் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. கி.மு. 399, ஏதென்ஸ். சாக்ரடீஸ் தன் மேல் போடப்பட்ட வழக்குக்காக நீதி மண்டபத்து வாசலுக்கு வந்திருக்கிறார். சில வாரங்களில் அவருக்கு மரண தண்டனை நிறைவேறப்போகிறது. அங்கே யூதிஃப்ரோவும் வருகிறார், தன் சொந்த அப்பா மேல் கொலை வழக்குப் போட. கூலியாள் ஒருவர் குடித்துவிட்டு வீட்டு அடிமையைக் கொன்றுவிட்டார். அப்பா அந்தக் கூலியாளைக் கை கால் கட்டிப் பள்ளத்தில் போட்டுவிட்டு, மேற்கொண்டு என்ன செய்வது என்று விசாரிக்க ஏதென்ஸுக்கு ஆள் அனுப்பினார். போன ஆள் திரும்புவதற்குள் பசியிலும் குளிரிலும் கூலியாள் இறந்துபோனார். சொந்தக்காரர்கள் எல்லாரும் யூதிஃப்ரோவைத் திட்டுகிறார்கள். அவரோ தெய்வத்துக்கு உகந்தது இதுதான் என்கிறார்.

சரி, தெய்வத்துக்கு உகந்த செயல் என்றால் என்ன என்று சாக்ரடீஸ் கேட்கிறார். ‘நான் இப்போது செய்வதுதான்’ என்கிறார் யூதிஃப்ரோ. அது ஓர் உதாரணம், நான் கேட்டது பொதுவான தன்மையை என்கிறார் சாக்ரடீஸ். ‘தெய்வங்கள் விரும்புவது.’ தெய்வங்களே தங்களுக்குள் சண்டை போடுகின்றனவே, ஒன்று விரும்புவதை இன்னொன்று வெறுத்தால்? ‘எல்லாத் தெய்வங்களும் விரும்புவது.’ அப்போது வருகிறது அந்தக் கேள்வி: தெய்வங்கள் விரும்புவதால் அது நல்லதா, நல்லது என்பதால் தெய்வங்கள் விரும்புகின்றனவா? இன்றுவரை தத்துவ வகுப்புகளில் கேட்கப்படும் கேள்வி அது. யூதிஃப்ரோ கடைசியில் அவசர வேலை இருப்பதாகச் சொல்லிக் கிளம்பிவிடுகிறார். பதில் கிடைப்பதில்லை.

நம்மிடமும் இதே வேலை நடந்திருக்கிறது. மணிமேகலைக் காப்பியத்தின் 27ஆம் காதையில், மாதவன், அதாவது ஆண் துறவி, வேடத்தில் வஞ்சி நகரம் போகும் மணிமேகலை ஒவ்வொரு சமயவாதியிடமும் ‘உம் கொள்கை என்ன?’ என்று கேட்டுக்கொண்டே போகிறாள். கண்ணால் கண்டது மட்டுமே உண்மை, ஊகித்து அறிவது செல்லாது என்கிறான் பூதவாதி. அவள் சிரிக்கிறாள். ஊகம் இல்லாவிட்டால் உன் தந்தை தாயை நீ எப்படி அறிந்தாய் என்று கேட்கிறாள். ஒரே கேள்விதான், அவன் கொள்கை ஆட்டம் கண்டுவிடுகிறது.

இதற்கு எதிர் உதாரணம் என்று பெயர். உங்கள் வாக்கியத்துக்கு இரண்டு பக்கமிருந்தும் தேடுங்கள். வாக்கியத்துக்கு முழுக்கப் பொருந்தியும் நல்ல வாழ்க்கை என்று சொல்ல முடியாத ஒருவர். வாக்கியத்துக்குச் சற்றும் பொருந்தாமல், ஆனாலும் நன்றாக வாழ்ந்த ஒருவர். புத்தகத்தில் தேட வேண்டாம், தெரிந்தவர்களிடம் தேடுங்கள்.

எனக்கு முதல் ஆள் உடனே கிடைத்தார். நான் முன்பு குடியிருந்த வீட்டின் உரிமையாளர். மின் கட்டணம் கடைசித் தேதிக்குப் பத்து நாள் முன்னாலேயே கட்டுவார். தன் இறுதிச் சடங்குச் செலவைக்கூட ஓர் உறையில் போட்டு பீரோவில் வைத்திருந்தார், யாருக்கும் தொந்தரவு கூடாதென்று. ஒரு பொங்கலன்று வாடகை கொடுக்கப் போனேன். ‘இன்னைக்கு நான் பேசுற முதல் ஆள் நீதான் தம்பி’ என்றார். மணி மாலை ஆறு.

இரண்டாவது, என் பெரியம்மா. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து மூன்று வருடம் படுக்கையில் இருந்தார். எழுந்து உட்காரவும் ஆள் வேண்டும். ஆனால் அந்தக் கட்டில்தான் வீட்டின் கூடம். பிள்ளைகள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவார்கள், பெரியம்மா பதினாறாம் வாய்ப்பாடு வரை பார்க்காமல் கேட்பார். நாலு மணிக்குத் தெருப் பெண்கள் பூக்கூடையோடு வந்துவிடுவார்கள், கட்டிக்கொண்டே பேச. என் வாக்கியத்தின்படி அது வீணாய்ப்போன மூன்று வருடம். அதை அங்கே போய் யாரும் சொல்லியிருக்க முடியாது.

உடைந்ததும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ஒட்டிப் பாருங்கள். ‘தேவையில்லாமல் பாரமாக இல்லாமல்’ என்று திருத்தினேன். எது தேவை என்ற கேள்வி அடுத்த நிமிடமே வந்து உட்கார்ந்தது. அந்தக் கேள்வியோடு அடுத்த படிக்குப் போனேன். உங்கள் வாக்கியம் வேறு இடத்தில் உடையும், வேறு கேள்வி எழும். அதை நோட்டில் பெரிதாக எழுதிக்கொண்ட பிறகு படிக்கத் தொடங்குங்கள்.

படி 3: எபிக்கூரஸ், ஒரு கடிதம்

எபிக்கூரஸ் கி.மு. 341இல் சாமோஸ் தீவில் பிறந்த கிரேக்கத் தத்துவவாதி. ஏதென்ஸில் ஒரு தோட்டம் வாங்கி நண்பர்களோடு அங்கேயே வாழ்ந்தார். பெண்களும் அடிமைகளும் அங்கே சேர்ந்து படித்தார்கள். இன்பமே வாழ்வின் நோக்கம் என்றதால் அவரைக் குடியும் கும்மாளமுமாக நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அவர் சாப்பிட்டது பெரும்பாலும் ரொட்டியும் தண்ணீரும். மெனோசியஸ் என்பவருக்கு அவர் எழுதிய கடிதம் நாலைந்து பக்கம்தான், அதைப் படித்தால் போதும்.

ஆசைகளை அவர் மூன்றாகப் பிரிக்கிறார். இயற்கையானது, அவசியமும்கூட. இயற்கையானது, ஆனால் அவசியமில்லை. இயற்கையும் இல்லை, அவசியமும் இல்லை. மூன்றாவது வகைக்கு எபிக்கூரியர்கள் தந்த உதாரணம், தலையில் சூட்டும் கிரீடமும் தனக்கு வைக்கும் சிலையும். நம் ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

பயிற்சி: கூகுள் பே, வங்கிக் கணக்கு எதுவானாலும் சரி, போன மாதப் பட்டியலைத் திறந்து ஒவ்வொரு செலவுக்குப் பக்கத்திலும் 1, 2, 3 என்று எழுதுங்கள். அரிசி, மாத்திரை, வாடகை எளிது. சிக்கல் நடுவில் வரும். தங்கை மகள் காதுகுத்துக்குப் போட்ட மோதிரம் எந்த எண்? நான் 3 என்று எழுதினேன், 1 என்று மாற்றினேன், கடைசியில் கேள்விக்குறி போட்டேன். அந்தக் கேள்விக்குறிகள் எங்கே விழுகின்றன என்று பாருங்கள். எபிக்கூரஸின் வகைப்பாடு உங்கள் வாழ்க்கையைத் தொடாமல் போகும் இடங்கள் அவை.

தன்னிறைவு பெரிய நன்மை என்றும் அவர் சொல்கிறார். என் பழைய வாக்கியத்துக்கு ஆதரவாளர் கிடைத்துவிட்டார் என்று சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் ஒரு செய்தி கண்ணில் பட்டது. நினைத்தபோது விருந்து சாப்பிட ஒரு சின்னச் சட்டி பாலாடைக்கட்டி அனுப்பு என்று நண்பருக்கு எழுதினாராம் எபிக்கூரஸ். தன்னிறைவைப் போதித்தவர் கேட்டு வாங்கித்தான் விருந்து சாப்பிட்டிருக்கிறார்.

போகிற போக்கில் ஒரு சோதனை. 1974இல் ராபர்ட் நாசிக் என்ற அமெரிக்கத் தத்துவவாதி ஓர் இயந்திரத்தைக் கற்பனை செய்தார். மூளையோடு இணைத்தால் நீங்கள் விரும்பும் அனுபவம் எல்லாம் கிடைக்கும். நாவல் எழுதுவது போல, நண்பர்கள் சூழ இருப்பது போல. உண்மையில் தொட்டிக்குள் மிதந்துகொண்டிருப்பீர்கள், உள்ளே போனபின் அதுவும் தெரியாது. வாழ்நாள் முழுக்க அதில் இணைவீர்களா? மாட்டேன் என்றால், இன்பத்தைத் தவிர வேறு ஏதோ ஒன்றும் உங்களுக்கு வேண்டியிருக்கிறது. அது என்ன என்று அரைப் பக்கம் எழுதுங்கள்.

படி 4: எபிக்டெட்டஸ், எச்சரிக்கையோடு

இவர் ரோமப் பேரரசில் அடிமையாகப் பிறந்த தத்துவவாதி, கால் ஊனமானவர். விடுதலையான பிறகு ரோமில் பாடம் நடத்தினார். பேரரசர் டொமிஷியன் தத்துவவாதிகளை வெளியேற்றியபோது கிரேக்கத்தின் நிக்கோபோலிஸுக்குப் போய் அங்கே பள்ளி வைத்தார். அவர் எதுவும் எழுதவில்லை. மாணவர் ஆரியன் தொகுத்த ‘என்கிரிடியன்’, அதாவது கைப்புத்தகம், ஐம்பதுக்கு மேற்பட்ட சின்னச் சின்னப் பத்திகள் கொண்டது.

முதல் பத்தியிலேயே முழுக் கொள்கையும் வந்துவிடும். சில நம் கையில் உள்ளவை: நம் எண்ணம், விருப்பு, வெறுப்பு. சில நம் கையில் இல்லாதவை: உடல், சொத்து, பேர், பதவி. இரண்டாவதை நம்முடையது என்று நினைத்தால் அழுகைதான் மிச்சம். ஓர் இரவு தூக்கம் வராதபோது, உருட்டிக்கொண்டிருக்கும் கவலைகளை இப்படி இரண்டு பத்தியாக எழுதிப் பாருங்கள். எனக்கு நிஜமாகவே உதவியது.

எச்சரிக்கை ஏன்? இன்றைக்கு இந்தக் கொள்கையை ‘அட்ஜஸ்ட் பண்ணிக்கோ’ என்பதற்கு மரியாதையான வார்த்தையாக விற்கிறார்கள். ஓவர்டைம் காசு தராத முதலாளி முதல் அடிக்கும் கணவன் வரை எல்லாவற்றையும் ‘உன் கையில் இல்லாதது’ பட்டியலில் போட்டுவிடலாம். எபிக்டெட்டஸ் அப்படிச் சொல்லவில்லை. அவர் மாணவர்களுக்குச் சொன்ன கதைகளில் ஒன்று ஹெல்விடியஸ் பிரிஸ்கஸ் என்ற செனட்டரைப் பற்றியது. சபைக்கு வராதே என்று பேரரசர் வெஸ்பாசியன் சொல்லி அனுப்பியபோது, உறுப்பினராக இருக்கும்வரை வருவேன், கேட்டால் எனக்குச் சரியென்று பட்டதைச் சொல்வேன், கொல்வது உங்கள் வேலை, நடுங்காமல் சாவது என் வேலை என்றாராம். இதில் அட்ஜஸ்ட் எங்கே இருக்கிறது?

ஆனாலும் எனக்கு இவரோடு தீராத ஒரு மனத்தாங்கல் உண்டு. பிள்ளையை முத்தமிடும்போது, சாகக்கூடிய ஒரு மனித உயிரை முத்தமிடுகிறேன் என்று சொல்லிக்கொள் என்கிறார் மூன்றாவது பத்தியில். பிரிவு வந்தால் தாங்குவதற்காம். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் ‘முடியாது’ என்று எழுதி வைத்திருக்கிறேன். நீங்களும் ஓரங்களில் எழுதுங்கள், ஆனால் காரணத்தோடு. என் காரணம்: தாங்க முடியாமல் போவதும் அந்த அன்பின் ஒரு பகுதிதான்.

படி 5: அரிஸ்டாட்டில், எல்லாம் வேண்டாம்

இவரில் தொடங்கியவர்கள் பெரும்பாலும் இவரோடேயே நிறுத்திவிடுகிறார்கள். வகுப்புக் குறிப்பு மாதிரி எழுத்து, வறண்டிருக்கும். நிக்கோமாக்கிய அறநூல் பத்துப் பகுதிகள் கொண்டது. 1, 2, 8, 9 மட்டும் படியுங்கள். ஒரு மாதம் ஒதுக்குங்கள்.

முதல் பகுதியில் வரும் ‘யூடைமோனியா’ என்ற சொல்லை மகிழ்ச்சி என்று மொழிபெயர்ப்பார்கள், கொஞ்சம் தவறாகப் போய்விடும். ஒரு நாள் மனநிலையை அது குறிப்பதில்லை. ‘நல்லா வாழ்ந்த மனுஷன்’ என்று சாவு வீட்டில் சொல்கிறோமே, அதற்குப் பக்கத்தில் வரும். இரண்டாம் பகுதி பழக்கத்தைப் பற்றியது. யாழ் வாசித்து வாசித்துத்தான் யாழ்க் கலைஞர் ஆகிறார், நியாயமாக நடந்து நடந்துதான் ஒருவர் நியாயமானவர் ஆகிறார்.

என் நோட்டை மாற்றியது முதல் பகுதியின் ஒரு வரி. தன்னிறைவு என்று தான் சொல்வது தனியாக வாழும் ஒருவனின் தன்னிறைவை இல்லை, பெற்றோர், பிள்ளைகள், மனைவி, நண்பர்கள், ஊர்க்காரர்கள் எல்லாரையும் சேர்த்துத்தான் என்கிறார். எட்டாம் பகுதியில் நட்பை மூன்றாகப் பிரிக்கிறார்: பயனுக்காக, இன்பத்துக்காக, அந்த ஆளுக்காகவே. மற்ற எல்லா நன்மையும் இருந்தாலும் நண்பர் இல்லாமல் வாழ யாரும் விரும்பமாட்டார்கள் என்கிறார். வீட்டு உரிமையாளரின் பீரோ உறை ஞாபகம் வந்தது.

அதே எட்டாம் பகுதியில் இன்னொரு வரியும் இருக்கிறது. அடிமை என்பவன் உயிருள்ள கருவி. அடிமை என்ற முறையில் அவனோடு நட்பு சாத்தியமில்லை. இதைத் தாண்டிக் குதித்துப் போகாதீர்கள். ‘அந்தக் காலம் அப்படி’ என்று மன்னித்துவிட்டு நகராதீர்கள், புத்தகத்தையும் தூக்கி எறியாதீர்கள். சிந்திக்கவும் நண்பரோடு பேசவும் அவருக்கு நேரம் எங்கிருந்து கிடைத்தது, சோறு யார் வடித்தார்கள் என்று கேளுங்கள். இந்தக் கேள்வியை எல்லாத் தத்துவவாதியிடமும் கேட்கலாம்.

படி 6: குறளை மேற்கோளாக இல்லாமல் படியுங்கள்

பேச்சுப் போட்டிக்காக மனப்பாடம் செய்ததால் குறளை ஒவ்வொன்றாகவே பார்த்துப் பழகிவிட்டோம். அடுத்தடுத்த இரண்டு அதிகாரங்களை எடுத்து, ஒன்றோடொன்று எப்படி வாதிடுகின்றன என்று பாருங்கள். ‘கை ஏந்தாமல்’ என்ற என் சொல்லுக்காக நான் எடுத்தவை 106, 107. இரவு, இரவச்சம். இங்கே இரவு என்றால் இரத்தல், பிறரிடம் கேட்டு வாங்குவது.

107 என் பக்கம். ஒளிக்காமல் மகிழ்ந்து கொடுக்கும் கண் போன்றவரிடம்கூட இரக்காமல் இருப்பது கோடி மடங்கு நல்லது என்கிறது 1061. இரந்துதான் உயிர்வாழ வேண்டும் என்றால் உலகைப் படைத்தவன் அலைந்து கெடட்டும் என்று அடுத்த குறள் சபிக்கிறது. ஆனால் அதற்கு முந்தைய அதிகாரத்தின் முதல் சொல்லே ‘இரக்க’. கேட்கத் தக்கவரைக் கண்டால் கேள், அவர் ஒளித்தால் பழி அவருக்குத்தான். அங்கேயே இதுவும் இருக்கிறது:

‘இரப்பாரை இல்லாயின் ஈர்ங்கண்மா ஞாலம்
மரப்பாவை சென்றுவந் தற்று.’

கேட்பவர்களே இல்லாத உலகத்தில் மனிதர்கள் நடமாடுவது மரப்பொம்மைகள் போய்வருவதைப் போல. யாரும் யாருக்கும் பாரமில்லாத என் லட்சிய உலகத்தை வள்ளுவர் பொம்மலாட்டம் என்கிறார்.

பரிமேலழகர் இரண்டு அதிகாரங்களையும் இணைக்க ஒரு வழி வைத்திருக்கிறார்: மானம் கெடாத இரவு வேறு, மானம் கெட வரும் இரவு வேறு. சாமர்த்தியமான வழி. சரி, மானம் எப்போது கெடுகிறது, கேட்பவரின் மனதிலா, கொடுப்பவரின் முகத்திலா? உரையோடும் வாதிடலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

படி 7: நோட்டை ஒருவரிடம் காட்டுங்கள்

தனியாகவே யோசித்தால் நம் வாதத்துக்கு நாமே கைதட்டிக்கொள்வோம். ஓர் ஆள் வேண்டும். உங்களைவிட அதிகம் படித்தவராக இருக்க வேண்டியதில்லை. உங்கள் வாக்கியத்தால் பாதிக்கப்படக்கூடியவராக இருந்தால் நல்லது. ஒரே நிபந்தனை: அவர் பேசி முடித்ததும், அவர் சொன்னதை அவர் ஒத்துக்கொள்ளும்படி உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொன்ன பிறகே பதில் சொல்ல வேண்டும்.

மூன்றாம் மாதம் என் வாக்கியம் இப்படி ஆகியிருந்தது: ‘ஒருவருக்கொருவர் பாரமாக இருக்கவும், பாரம் சுமக்கவும் தயங்காதவர்கள் நடுவே வாழ்வது.’ எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பெரியம்மாவின் மருமகளிடம், எனக்கு அண்ணி முறை, காட்டினேன். பெரியம்மாவின் கதையையும் நோட்டில் இருந்தபடி படித்தேன், பூக்கூடை, வாய்ப்பாடு எல்லாம்.

அண்ணி துணி மடித்துக்கொண்டே கேட்டார். ‘எல்லாம் சரி தம்பி. பெட்பேன் யார் எடுத்தாங்கன்னு இதுல இல்லையே. அந்த மூணு வருஷமும் எனக்கு நல்ல வாழ்க்கையா?’

நிபந்தனைப்படி திருப்பிச் சொன்னேன். தயங்காமல் சுமப்பவர் என்று நான் எழுதிய ஆள், தயங்குவதற்கு வழி இல்லாத ஆளாகவும் இருக்கலாம் என்கிறீர்கள். ‘அதேதான்’ என்று அடுத்த துணியை எடுத்தார்.

கேள்வியை அண்ணி கேட்ட வார்த்தையிலேயே நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அதற்குக் கீழே இப்போதைக்கு மூன்று வரி இருக்கிறது. இரண்டை அடித்துவிட்டேன்.